பிளஸ் டூ மார்க் குறைவு, நுழைவுத் தேர்வில் நல்ல ஸ்கோர்: சீட் கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன் நான். மே, ஜூன் மாதங்களில் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, கவுன்சலிங் விண்ணப்பம் போட வரும் பிள்ளைகளுக்கு உதவுகிறேன். பாதிப் பேர் ஒரே சந்தேகத்தோடுதான் வருகிறார்கள்: பள்ளி மார்க் சுமார், ஆனால் பொறியியலுக்கான ஜேஇஇ அல்லது மருத்துவத்துக்கான நீட் நுழைவுத் தேர்வு நன்றாக வந்திருக்கிறது, இப்போது என்ன செய்வது? அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

சார், பிளஸ் டூவுல மார்க் கம்மி. ஜேஇஇ மெயின் நல்லா பண்ணிருக்கேன். எனக்கு நல்ல காலேஜ் கிடைக்குமா?

கிடைக்க வழி இருக்கிறது. எந்த வாசலில் போய் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. சில இடங்களில் நுழைவுத் தேர்வு ரேங்க்தான் சீட்டைத் தீர்மானிக்கும். பிளஸ் டூ மார்க்குக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருப்பார்கள், அதைத் தாண்டிவிட்டால் பிறகு அந்த மார்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். என்ஐடி, ஐஐடி, மருத்துவம் எல்லாம் இந்த வகை. சில இடங்களில் பிளஸ் டூ மார்க் மட்டும்தான். தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங் அப்படி. இரண்டையும் கூட்டுகிற இடங்கள் குறைவு.

கீழே பல பதில்களுக்கு ஒரே மார்க் ஷீட்டை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் ஒரு பையன் கொண்டுவந்தது. தமிழ் 88, ஆங்கிலம் 71, இயற்பியல் 66, வேதியியல் 70, கணிதம் 64, கணினி அறிவியல் 87. மொத்தம் 600-க்கு 446. ஜேஇஇ மெயினில் 97 பர்சன்டைல்.

97 பர்சன்டைல்னா 97 மார்க் எடுத்த மாதிரிதானே?

இல்லை. நூறு பேர் எழுதினால் 97 பேர் உங்கள் அளவோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்று பொருள். ஜேஇஇ மெயினில் பி.இ., பி.டெக் தாள் 300 மார்க்குக்கு. அதில் பாதி மார்க்கை எட்டாதவரும் நல்ல பர்சன்டைல் வாங்கலாம். சமீப ஆண்டுகளில் 14 லட்சம் பேருக்கு மேல் எழுதுகிறார்கள். 97 பர்சன்டைல் என்றால் உங்களுக்கு மேலே 3 சதவீதம், அதாவது 42 ஆயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். கவுன்சலிங்கில் அந்த ரேங்க்தான் பேசும். பர்சன்டைலைச் சொல்லிக்கொண்டு கற்பனை வளர்க்காமல், ரேங்க் அட்டையில் அகில இந்திய ரேங்க்கையும் பிரிவு ரேங்க்கையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

75 சதவீதம் வேணும்னு எல்லாரும் சொல்றாங்களே, அது எதுக்கு?

ஜேஇஇ மூலம் என்ஐடி, ஐஐஐடி (தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள்), ஜோசா என்னும் அகில இந்திய சீட் ஒதுக்கீட்டுக் கவுன்சலிங்கில் வரும் மற்ற மத்திய நிதி பெறும் நிறுவனங்கள், ஐஐடி ஆகியவற்றில் சேர பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 65 சதவீதம். கொரோனா காரணமாக 2020 முதல் 2022 வரை இதைத் தளர்த்தினார்கள், 2023-ல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். "எங்க அண்ணன் 68 சதவீதத்துல என்ஐடி போனானே" என்று சிலர் சொல்வது அந்த மூன்று ஆண்டுக் கதை.

446-ஐ 600-ஆல வகுத்தா 74.3 தான் வருது. அப்போ என்ஐடி கனவு அவ்வளவுதானா?

அந்தப் பையனின் அப்பாவும் இதைத்தான் சொன்னார். செல்போன் கால்குலேட்டரில் மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மூன்று முறையும் 74.33. பையன் பக்கத்தில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான்.

ஜோசா 600-க்குக் கணக்குப் பார்ப்பதில்லை. ஐந்தே பாடங்கள்: இயற்பியல், வேதியியல், கணிதம், ஒரு மொழிப்பாடம், இவை தவிர இன்னொரு பாடம். இரண்டு மொழி படித்திருந்தால் எதில் மார்க் அதிகமோ அது. ஐந்தாவது பாடத்திலும் அதிக மார்க் வாங்கியதை எடுத்துக்கொள்ளலாம். நான் ஒரு தாளில் எழுதினேன். 66, 70, 64 சேர்ந்து 200. தமிழ் 88, கணினி அறிவியல் 87. மொத்தம் 375. ஐந்நூற்றுக்கு 375 என்றால் சரியாக 75 சதவீதம். ஆங்கிலத்தின் 71 கணக்குக்கே வரவில்லை. அப்பா தாளை வாங்கி, தானே ஒருமுறை பேனாவால் கூட்டிப் பார்த்தார்.

மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் தயவுசெய்து இந்தக் கணக்கைப் போடாமல் "நமக்குத் தகுதி இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். இன்னொன்றும் உண்டு. மொழிப்பாடத்தை அலட்சியமாக விடாதவர்களைத்தான் இந்தக் கணக்கு காப்பாற்றுகிறது. ஜேஇஇ படிக்கிற பிள்ளைகளிடம் "தமிழ் எதுக்குடா" என்று சொல்லும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

பிளஸ் ஒன் மார்க்கும் இதுல சேருமா?

சேராது. பிளஸ் டூ மார்க் மட்டும்தான்.

எனக்கு 374. ஒரே ஒரு மார்க். ரவுண்ட் பண்ணிக்க மாட்டாங்களா?

மாட்டார்கள். 374 என்றால் 74.8, அது 75 ஆகாது. ஒன்றிரண்டு மார்க்கில் நிற்பவர்கள் ரிசல்ட் வந்த வாரமே விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். மாநில போர்டில் முதலில் நகல், அதைப் பார்த்த பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ. நகலுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் தருவார்கள், அதைத் தவற விட்டால் அடுத்த கதவும் திறக்காது. நகல் கைக்கு வந்ததும் அந்தப் பாட ஆசிரியரிடம் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கூட்டச் சொல்லுங்கள்.

சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு மார்க்கை உயர்த்திக்கொள்ளும் தேர்வு உண்டு. பிளஸ் டூவில் ஒரு பாடத்தை ஜூலை துணைத்தேர்விலேயே எழுதலாம். ஆனால் அதன் முடிவு வருவதற்குள் ஜோசா சுற்றுகள் பெரும்பாலும் முடிந்துவிடும், அந்த ஆண்டே உதவும் என்று எண்ண வேண்டாம். தமிழ்நாடு மாநில போர்டில் துணைத்தேர்வு தவறியவர்களுக்கும் தேர்வுக்கு வராதவர்களுக்கும்தான். பாஸானவர் மார்க்கை ஏற்றிக்கொள்ள அதை எழுத முடியாது.

75 இல்லன்னாலும் போர்டுல டாப் 20 பர்சன்டைல்ல இருந்தா போதும்னு சொல்றாங்களே?

உண்மைதான். 75 சதவீதம் இல்லாவிட்டாலும், உங்கள் போர்டில் தேர்ச்சி பெற்றவர்களில் மேல் 20 பர்சன்டைலுக்குள் இருந்தால் தகுதி உண்டு. பிரிவு வாரியாகவும் இந்த அளவைப் பார்ப்பார்கள். ஆனால் மேல் 20 பர்சன்டைலின் எல்லை 75 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் போர்டுகளில்தான் இதனால் லாபம். மார்க் தாராளமாக விழும் போர்டில் அந்த எல்லை 75-ஐத் தாண்டிவிடும், அங்கே 74 எடுத்தவருக்கு இது கை கொடுக்காது. முதலில் ஐந்து பாடக் கணக்கைப் போடுங்கள். அது தவறினால் மட்டும் இதைப் பாருங்கள்.

நாங்க பிசி. எங்களுக்கு 65 போதும்தானே? தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங் டிஎன்இஏ-வுல 40 போதும்னு போட்டிருக்கே!

வருஷத்துக்கு நாலைந்து குடும்பம் இங்கேதான் தடுக்கி விழுகிறது. 65 சதவீதச் சலுகையில் எஸ்சி, எஸ்டி உண்டு, ஓபிசி (பிசி, எம்பிசி-க்கு மத்திய அரசு வைத்திருக்கும் பிரிவு) இல்லை. ஓபிசி-க்கும் பொதுப் பிரிவுக்கும் அளவு ஒன்றே, 75. தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்கில் கணிதம், இயற்பியல், வேதியியலில் பொதுப் பிரிவுக்கு 45, மற்ற பிரிவுகளுக்கு 40 சதவீதம் என்பது முற்றிலும் வேறு விதி.

அப்புறம், பள்ளியில் வாங்கிய பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் ஜோசாவில் செல்லாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி மிகுந்தவர்கள் என்று ஒதுக்கப்படுவோர்) வரவில்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும். அந்த நிதியாண்டுக்கு உரியதாக, அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலேயே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். ஜூனில் தாலுகா அலுவலகத்தில் நிற்கும் கூட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

தகுதி இல்லன்னா எப்படி சார் பரீட்சை எழுத விட்டாங்க? ரேங்க்கும் குடுத்துட்டாங்களே!

ஜேஇஇ மெயின் எழுத 75 சதவீதம் தேவையில்லை. இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதுபவரும் கடந்த இரண்டு ஆண்டுகளில் முடித்தவரும் எந்த மார்க்கோடும் எழுதலாம், ரேங்க்கும் வரும். மார்க் பார்ப்பது சேர்க்கையின்போதுதான். மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்கும்போது குறைவு என்று தெரிந்தால் ஒதுக்கிய சீட் ரத்தாகும். ஜோசா முடிந்தபின் காலி இடங்களுக்கு நடக்கும் சிசாப் சிறப்புச் சுற்றுகளுக்கும் இதே விதிதான்.

பிளஸ் டூ மார்க்ல 40 சதவீதம் ரேங்க்குல சேர்ப்பாங்கன்னு எங்க மாமா சொல்றார்.

மாமா சொல்வது ஒரு காலத்து உண்மை. 2013 முதல் 2016 வரை ஜேஇஇ மெயின் ரேங்க்கில் பிளஸ் டூ மார்க்குக்கு 40 சதவீத எடை இருந்தது. 2017 முதல் எடுத்துவிட்டார்கள். இப்போது 75 எடுத்தவரும் 98 எடுத்தவரும் ரேங்க் பட்டியலில் சமம்.

அப்போ ஜேஇஇ ஸ்கோரை வச்சு அண்ணா பல்கலைக்கழகத்துல கேட்க முடியாதா?

முடியாது. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வை ரத்து செய்யும் சட்டம் 2006-ல் வந்தது. அன்றிலிருந்து கணித மார்க் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50-க்கு, ஆக மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். வேறு எந்தத் தேர்வு மார்க்கும் உள்ளே வராது. நம் 446 பையனுக்கு 64, 33, 35 சேர்த்து 132. கிண்டியில் கணினி அறிவியலுக்குப் பொதுப் பிரிவில் 199-க்கு மேல் கேட்கும் இடத்தில் இது எங்கே நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 97 பர்சன்டைல் எடுத்த பையனுக்கு இது அநியாயம் என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணம் இல்லாத எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் இந்த முறையில்தான் இன்ஜினியர் ஆனார்கள். என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் டிஎன்இஏ-வில் கட்டாயம் பதிவு செய்யுங்கள். 132-க்கும் ஒரு கல்லூரி கிடைக்கும். என்ஐடி-யை நம்பி இதை விட்டுவிட்டு இரண்டும் இல்லாமல் நிற்கக் கூடாது.

என்ஐடி தவிர ஸ்கோரை மதிக்கிற வேற இடம் எதெல்லாம்?

பிட்ஸ் பிலானி தனித் தேர்வு வைக்கிறது. ஆனால் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 75 சதவீதம், ஒவ்வொன்றிலும் 60 கேட்கும். மொழிப்பாடம் இங்கே காப்பாற்றாது. 446 பையனுக்கு மூன்றும் 60-க்கு மேல்தான், ஆனால் 300-க்கு 200, அதாவது 66.7. கதவு மூடிவிட்டது. விஐடி அந்த மூன்று பாடங்களில் 60 சதவீதம் கேட்கிறது, அங்கே அவன் நுழையலாம். கட்டணத்தை மட்டும் நிதானமாக யோசியுங்கள்.

அறிவியலில் ஆர்வம் இருந்தால் அறிவியல் படிப்புக்கான மத்திய அரசின் ஐசர் நிறுவனங்களைப் பாருங்கள். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கின்றன. சொந்த நுழைவுத் தேர்வு, பிளஸ் டூவில் 60 சதவீதம் போதும், எஸ்சி, எஸ்டி-க்கு 55. கணக்கில் உண்மையான பிரியம் உள்ளவர்கள் சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வை எழுதுங்கள். நிரூபணம் எழுதச் சொல்லிக் கேட்கும் கேள்விகள் வரும். பள்ளியில் 64 எடுத்த பையன் அங்கே பிரகாசிக்கலாம், நான் சும்மா சொல்லவில்லை. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி பல்கலைக்கழகம் போன்றவை 2022 முதல் கியூட் என்னும் பொது நுழைவுத் தேர்வின் ஸ்கோரில் சேர்க்கின்றன. ஐஐடி மெட்ராஸின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புக்கு 75 விதியே கிடையாது. நான்கு வாரம் பாடம் படித்து, அதன் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம்.

பொண்ணு நீட் நல்லா எழுதியிருக்கா. பிளஸ் டூ மார்க் போதுமா?

மருத்துவத்துக்கு இந்தத் தடை மிகத் தாழ்வு. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், ஓபிசி, எஸ்சி, எஸ்டி-க்கு 40. ஒவ்வொரு பாடத்திலும் தேர்ச்சி, ஆங்கிலத்திலும் தேர்ச்சி. அதற்கு மேல் முழுக்க நீட் ரேங்க். 52 எடுத்தவளும் 99 எடுத்தவளும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள்.

பி.ஆர்க்குக்கும் இதே மாதிரியா?

இல்லை, தமிழ்நாட்டு பி.ஆர்க் கவுன்சலிங் இரண்டையும் கூட்டுகிற வகை. நாட்டா போன்ற திறன் தேர்வுக்கு 200, பிளஸ் டூவுக்கு 200, மொத்தம் 400. ஒன்றில் விட்டதை இன்னொன்றில் ஓரளவு பிடிக்கலாம்.

அமெரிக்கக் காலேஜுக்கான எஸ்ஏடி தேர்வுல 1500 வந்திருக்கு. அமெரிக்காவுல பிளஸ் டூ மார்க்கை கண்டுக்க மாட்டாங்கதானே?

அங்கேதான் அதிகம் கண்டுகொள்வார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு வருட மார்க்கையும் கேட்கிறார்கள். 2020-க்குப் பிறகு நிறையப் பல்கலைக்கழகங்கள் எஸ்ஏடி கட்டாயமில்லை என்றன. எம்ஐடி 2022-ல் மறுபடி கட்டாயமாக்கியது, ஹார்வர்ட், யேல் போன்றவை 2024-ல் அறிவித்தன. ஆனால் எங்குமே ஸ்கோர் மட்டும் பார்த்துச் சீட் தருவதில்லை. நம் ஜோசாவில் கணினி ரேங்க்கைப் பார்க்கும். அங்கே ஒரு மனிதர் உங்கள் கோப்பைப் படித்து, "இவ்வளவு திறமை இருந்தும் வகுப்பில் ஏன் குறைந்தது?" என்று கேட்பார். உடல்நலம், வீட்டுச் சூழல், பள்ளி மாற்றம் என்று உண்மைக் காரணம் இருந்தால் விண்ணப்பத்தில் எழுதுங்கள். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்திலும் அது வரட்டும்.

இன்னும் பொதுத்தேர்வு வரல. ஜனவரி ஜேஇஇ நல்லா போச்சு. இப்போ எதுல கவனம் வைக்கணும்?

ஜனவரி முதல் சுற்று, மார்ச்சில் பொதுத்தேர்வு, ஏப்ரலில் இரண்டாம் சுற்று. நடுவில் இருக்கும் ஐந்தாறு வாரத்தைப் பள்ளிக்கே கொடுங்கள். அறிவியலில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10, கணக்கில் அகமதிப்பீட்டுக்கு 10. பள்ளிக்கே போகாமல் பயிற்சி மையத்தில் கிடப்பவர்கள் முதலில் இழப்பது இந்த மார்க்கைத்தான். புத்தகத்தின் பின் வினாக்களை எழுதிப் பாருங்கள். கொள்குறி விடை தேர்ந்தே பழகிய கைக்கு ஐந்து மார்க் கேள்விக்குப் படிப்படியாக எழுத வராது. விடையை மட்டும் போட்டுவிட்டு வழிமுறைக்கான மார்க்கை விட்ட தாள்களை ஆண்டுக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். ஒரு மொழிப்பாடத்தையும் ஐந்தாவது பாடத்தையும் 90-க்குப் பிடித்துவிட்டால், மீதி மூன்றில் 65 எடுத்தாலே 375 வந்துவிடும்.

பக்கத்து மாநிலத்துல கோச்சிங்கோட பள்ளியில பிளஸ் டூ படிச்சேன். திருச்சி என்ஐடி-யில தமிழ்நாட்டு கோட்டா உண்டா?

கிடையாது. என்ஐடி-களில் பாதி இடங்கள் அந்த மாநிலத்தவருக்கு. அந்த மாநிலம் எது என்பது பிளஸ் டூ தேர்ச்சி பெற்ற பள்ளி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிறந்த ஊரோ ரேஷன் அட்டையோ இதில் பேசாது. ஆந்திராவில் முடித்தவருக்குத் தாடேபல்லிகூடம் என்ஐடி-தான் சொந்த மாநில என்ஐடி. ஐஐஐடி-களில் இந்தப் பங்கீடு இல்லை, ஆகவே காஞ்சிபுரமும் திருச்சி ஐஐஐடி-யும் எல்லோருக்கும் ஒன்றே.

ஒரு வருஷம் நிறுத்தி மறுபடி எழுதலாமா?

ரேங்க் குறைவு என்றால் யோசிக்கலாம். ஜேஇஇ மெயினைப் பிளஸ் டூ முடித்த ஆண்டிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் எழுதலாம். ஐஐடி-க்கான அடுத்த கட்டத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான். பிளஸ் டூவைத் திரும்ப எழுதினாலும் அந்தக் கணக்கு முதல் முறை எழுதிய ஆண்டிலிருந்தே ஓடும்.

பிளஸ் டூ மார்க்தான் தடை என்றால் ரேங்க்கை ஏற்றிப் பயனில்லை. தடையை எப்படித் தாண்டுவது என்று முதலில் தெரிய வேண்டும். சிபிஎஸ்இ-யில் எல்லாப் பாடங்களையும் மறுபடி எழுதினால் இரண்டில் நல்லதை எடுத்துக்கொள்வார்கள். மாநில போர்டில் அந்த வழி இல்லை என்று 374 மார்க் கேள்வியில் சொல்லியிருக்கிறேன். வழி இல்லாத பிள்ளையை வீட்டில் உட்கார வைத்து இன்னொரு வருஷம் ஜேஇஇ படிக்கச் சொல்லாதீர்கள். 60 சதவீதக் கதவுகளும் 40 சதவீதக் கதவுகளும் திறந்துதான் இருக்கின்றன.

பின்னாடி வேலைக்குப் போகும்போது இந்த மார்க் துரத்துமா?

கொஞ்ச தூரம். வளாக நேர்காணலுக்கு வரும் பல நிறுவனங்கள் பத்து, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம் கேட்கும். எம்பிஏ எண்ணம் இருந்தால், அதற்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வில் எவ்வளவு எடுத்தாலும் சில ஐஐஎம்-கள் (மத்திய மேலாண்மைக் கல்லூரிகள்) நேர்காணலுக்கு ஆள் எடுக்கும்போது பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க்கையும் எடைபோடுகின்றன. எம்.டெக்குக்கு இளநிலை மார்க்தான் முக்கியம். என்ஐடி-களின் கவுன்சலிங்கில் 6.5 சிஜிபிஏ அல்லது 60 சதவீதம்.

அந்த 446 பையன் கடைசியில எங்க சேர்ந்தான்?

டிஎன்இஏ, விஐடி, ஜோசா மூன்றிலும் பதிவு செய்தான். ஓபிசி சான்றிதழுக்காக அப்பா இரண்டு நாள் வேலைக்கு லீவு போட்டார். ஜோசாவின் நான்காவது சுற்றில் காரைக்காலில் இருக்கும் புதுச்சேரி என்ஐடி-யில் சிவில் வந்தது. கணினி அறிவியல்தான் வேண்டும் என்று அம்மாவுக்கு மனக்குறை. பையன் சிவிலுக்கே போனான். சரிபார்ப்புக்காக மார்க் ஷீட்டைப் பதிவேற்றிய அன்று, நான் கூட்டிப் போட்ட அந்தத் தாளையும் அப்பா சட்டைப் பையில் வைத்திருந்தார்.